செங்காய்ப் பதம்

“எந்த டயரைப் போடட்டும், அம்மணி?”

செருப்பைக் கழற்றும் முன்பே சென்னியப்பன் கேட்டுவிட்டார்.

மயிலாத்தாள் தறியை நிறுத்தவில்லை. கண்ணால் முக்காலியைக் காட்டினாள்.

அவர் உட்காரவில்லை. சிங்காநல்லூரில் மாவு கிரைண்டர் பட்டறை வைத்திருக்கிற மனிதர். வயது ஐம்பத்து மூன்று. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு காபியை உட்கார்ந்து முழுசாகக் குடித்ததை அவர் சம்சாரமே பார்த்ததில்லை.

கொண்டுவந்த சாக்கைத் தரையில் கவிழ்த்தார். சைக்கிள் டயர்கள் கொட்டகை முழுக்க உருண்டு ஓடின. ஒன்பது ஜோடி.

“இது மழைக்கு. இது வெயிலுக்கு. இது சிமெண்ட் ரோட்டுக்கு. இது மலை ஏறதுக்கு. இது இறங்கறதுக்கு.”

“ஏறி முடிச்சதும் மேல உக்காந்து மாத்துவீங்ளா?”

“அதுதான் அம்மணி எனக்கும் குழப்பமா இருக்குது.”

மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. சோமனூரில் இந்தத் தறிக் கொட்டகையில் எட்டு வருஷமாகக் கையாலேயே சைக்கிள் டயர் செய்கிறாள். மெல்லிய பருத்தி நூலில் துணி நெய்வாள். அதைக் கோணலாக வெட்டி, ரப்பர் பால் பூசி, மேலே ரப்பர்ப் பட்டையை ஒட்டுவாள். நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கிறவர்கள் மாசக்கணக்கில் காத்திருந்து வாங்கிப் போவார்கள்.

அவர்கள் அவளைக் ‘குரு’ என்பார்கள். முதலில் கிண்டலுக்குத்தான் சொன்னார்கள். அவளிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். அப்படி வேலை வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுபடி வரும்போது கிண்டலை விட்டிருந்தார்கள்.

“எதுக்குங்ணா இவ்வளவு அவசரம்?”

“பதினஞ்சு நாள்ல அறுநூறு.”

அறுநூறு என்றால் அறுநூறு கிலோமீட்டர். சூலூரில் கிளம்பி, பொள்ளாச்சி, வால்பாறை, பழனி, கரூர் என்று ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, மறுபடி சூலூர். நாற்பது மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். பரிசும் கிடையாது, பணமும் கிடையாது. ஓர் அட்டையில் ‘முடித்தார்’ என்று முத்திரை குத்துவார்கள். அவ்வளவுதான்.

அந்த முத்திரைக்காக அவர் மூன்று தடவை போயிருந்தார். முதல் தடவை இரண்டு மணி நேரம் தாமதம். அடுத்த தடவை நாற்பது நிமிஷம்.

“மூணாவது தடவை பதினோரு நிமிஷம், அம்மணி. பதினோரே நிமிஷம்.” ஒரு டயரை எடுத்துக் காட்டினார். “மழை டயர் போட்டுட்டுப் போனேன். மழையே பேயலை.”

“சரி, அடுத்த வருஷமும் இருக்குதுல்லீங்ளா?”

அவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். வலது முட்டி, இடது முட்டியைவிடப் பெரிதாக இருந்தது.

“தீபாவளிக்குள்ள ஆபரேஷன். அதுக்கப்புறம் கடைக்குப் போய்ட்டு வர்ற அளவுக்கு ஓட்டலாமாம். இதுதான் கடைசி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் அம்மணி. ஒரே ஒரு தடவை முடிச்சுட்டா, நானும் முடிச்சவன்னு நிம்மதியாப் படுத்து முட்டியை அறுக்கக் குடுத்துருவேன்.”

அவள் தறியை நிறுத்தினாள். கம்பியில் தொங்கிய தன்னுடைய டயர்களில் ஒரு ஜோடியை எடுத்தாள்.

“இது எதுக்கு? மழைக்கா, வெயிலுக்கா?”

“ரோட்டுக்குங்ணா.”

*

அவள் டயர் அவருடையதைவிடக் கொஞ்சம் அகலம். கையில் எடுத்தால் துணி மாதிரி மடங்கியது. அவளே மாட்டி, காற்றடித்து, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னும் இரண்டு அடி அடித்தாள். மறுபடி அழுத்தினாள்.

“எத்தனை பவுண்டு?” என்றார்.

“செங்காய்ப் பதம்.”

“அது எத்தனை பவுண்டு?”

“ஏனுங்ணா, கொய்யாக்காயே தின்னதில்லீங்ளா? பழுக்கப் போற காயை அமுக்குனா எப்புடி இருக்கும்? அதுதான்.”

சென்னியப்பனுக்கு எரிச்சல் வந்தது. அவர் பட்டறையில் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்பு டேப் இருக்கும். கொய்யாக்காயை எல்லாம் அளவு என்று சொல்கிறவளை என்ன செய்வது?

“நான் நூத்தி இருபது அடிப்பேன். கல்லு மாதிரி இருக்கணும். அப்பத்தான் பறக்கும்.”

“அப்புடீங்ளா? ரெண்டையும் ஓட்டிப் பாத்துருவோம். கருமத்தம்பட்டி வரைக்கும் போய் ஒரு சுத்து சுத்திட்டு வாங்ணா. வாட்ச்சையும் மீட்டரையும் கழட்டி வெச்சுருங்க. போனும் வேண்டாம்.”

“மீட்டர் இல்லாம வேகம் எப்புடித் தெரியும்?”

“பறக்கறது உங்களுக்கே தெரியாதுங்ளா?”

அவர் முனகிக்கொண்டே மீட்டரைக் கழற்றினார்.

*

முதலில் தன் டயரில் போனார். நூற்றிருபது பவுண்டு. சாலை கையில் அதிர்ந்தது, பல்லில் அதிர்ந்தது. ஹேண்டில்பார் தேனீக் கூடு போல ரீங்காரமிட்டது. சுற்றி வந்து இறங்கும்போது அவர் முகம் சிவந்திருந்தது.

“எப்புடிங்ணா?”

“பறந்துட்டேன் அம்மணி!”

“சரிங்ணா.”

பிறகு அவள் டயரில் போனார். சத்தமே இல்லை. குழி வந்தது தெரிந்தது, போனது தெரியவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை. நடுவழியில் இரண்டு தடவை குனிந்து, காற்று இறங்கிவிட்டதா என்று பார்த்தார். காற்று அப்படியே இருந்தது.

“எப்புடிங்ணா?”

“கட்டை வண்டி. தூக்கம் வருது.”

“சரிங்ணா. நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு எதுக்கு?”

தறி மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தில் அவர் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் பலன் ஒன்றுதான்.

மறுநாள் அவள் டயரில் முதலில் போகச் சொன்னாள், அப்புறம் அவருடையதில். அதற்கடுத்த நாள் பழையபடி மாற்றி. மூன்று நாளும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். இதில் பறந்தேன், அதில் ஊர்ந்தேன். மூன்று நாளும் அவள் ‘சரிங்ணா’ என்றாள்.

மூன்றாம் நாள் அவர் கத்தியே விட்டார்.

“பந்தயத்துக்கு இன்னும் பதிமூணு நாள்தான் இருக்குது. பட்டறையை விட்டுட்டு வந்து வெள்ளாட்டுக்குட்டி மாதிரி கருமத்தம்பட்டிக்கும் சோமனூருக்கும் ஓடிட்டிருக்கறேன். எந்த டயருன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிரும்?”

மயிலாத்தாள் தறியில் நெய்திருந்த துணியை உருளையிலிருந்து விரித்து, தரையில் நீளமாகப் போட்டாள்.

துணியில் சாக்குக்கட்டிக் கோடுகள் இருந்தன. இரண்டு சிவப்பு, இரண்டு நீலம். கொஞ்சம் தள்ளி மறுபடி இரண்டு நீலம், இரண்டு சிவப்பு. இன்னும் தள்ளி மறுபடியும்.

“சிவப்பு உங்க டயரு. நீலம் என்னுது,” என்றாள்.

சென்னியப்பன் டேப்பை எடுத்துவிட்டார். முட்டி வலிக்க மண்டியிட்டு அளந்தார். சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் ஐம்பது அங்குலம். நீலத்துக்கும் நீலத்துக்கும் நடுவில் நாற்பத்தேழு. அடுத்ததை அளந்தார். அதற்கடுத்ததையும் அளந்தார். மூன்று நாளும் சிவப்புதான் பெரிது.

“பாத்தியா அம்மணி!” துள்ளி எழுந்தார். “சிவப்புத்தான் ஜாஸ்தி! நான் சொன்னனா இல்லையா?”

“ஆமாங்ணா, சிவப்புத்தான் ஜாஸ்தி. நீங்க கிளம்பறப்ப ஒரு கோடு போட்டேன், வந்து சேந்தப்ப ஒரு கோடு போட்டேன். நீங்க வர்ற வரைக்கும் தறி சும்மாவா இருக்கும்?”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

“காத்து எதிர்ல அடிச்சிருக்கும்.”

“மூணு நாளுமா?”

“நடுவுல நூலு அந்து தறி நின்னிருக்கும்.”

“மூணு நாளும் நீலத்துக்கு மட்டுமுங்ளா நூலு அந்துருக்கும்?”

அவர் மறுபடி மண்டியிட்டு அளந்தார். துணி மாறவில்லை.

நான்காம் நாள் கூப்பிடாமலே வந்தார். இரண்டு டயரிலும் மறுபடி போய் வந்தார். சிவப்பு ஐம்பது, நீலம் நாற்பத்தேழு. டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக முக்காலியில் உட்கார்ந்தார்.

“அப்ப எனக்குப் பறந்த மாதிரி இருந்ததே, அது என்ன?”

அவள் அவரை எழுப்பி, கையைப் பிடித்துத் தறிச் சட்டத்தின் மேல் வைத்தாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தோள் வரை ஆடியது. கொட்டகையின் தகரம் ஆடியது, ஆணியில் தொங்கிய காலண்டர் ஆடியது.

இன்னொரு கையை எடுத்து, நெய்த துணி சுற்றிக்கொள்ளும் உருளையின் மேல் வைத்தாள்.

அவர் அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். துணி நகர்கிறதா என்றே முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

*

“சரி அம்மணி. மழைக்கு?”

“இதேதானுங்ணா.”

“மலைக்கு?”

“இதேதான்.”

“அதெப்புடி? எல்லாத்துக்கும் ஒரே டயரா?”

“டயரு ஒண்ணுதானுங்ணா, காத்துதான் வேற. வெயில் ரோட்டுல செங்காய். மழை வந்தா எறங்கி, இன்னும் ஒரு நாள் கனிஞ்ச காய் எப்புடி இருக்குமோ அந்த அளவுக்குக் காத்தைக் குறைங்க. உடைஞ்ச ரோட்டுக்கும் அதேதான். அமுக்கிப் பாருங்க, கட்டை விரலுக்குத் தெரியும்.”

“கட்டை விரலுக்கு எத்தனை பவுண்டுன்னு தெரியாதே.”

“தெரிய வேண்டாங்ணா.”

பத்து நாள் வீட்டில் அவர் கண்டதையெல்லாம் அமுக்கிக்கொண்டு திரிந்தார். சந்தைக்குப் போனால் கொய்யாக் கூடையை விட்டு நகரவில்லை. வியாபாரி அதட்டி அனுப்பினான்.

கிளம்புகிற அன்று காலையில் டயரை வாங்க வந்தார். மயிலாத்தாள் கையை நீட்டினாள்.

“வாட்ச். மீட்டர். போன்.”

“விளையாடாதே அம்மணி. இது கருமத்தம்பட்டி இல்லை. நாப்பது மணி நேரம்!”

“இந்தச் சக்கரம் சத்தம் போடாது. நீங்க மீட்டரைப் பாப்பீங்க. மேட்டுல கம்மியாத் தெரியும். எறங்கிக் காத்தடிப்பீங்க.”

அவர் மீட்டரையும் போனையும் எடுத்துக் கொடுத்தார். பிறகு வாட்ச்சையும் கழற்றினார். கையில் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து பேர் கிளம்பினார்கள். நடத்துகிறவர் பெஞ்சமின், சூலூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வால்பாறை மலையில் மழை கொட்டியது. மூன்று பேர் திரும்பிவிட்டார்கள். சென்னியப்பன் இறங்கி, காற்றைக் கொஞ்சம் விட்டு, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். நாற்பது வளைவுகளிலும் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. ஆனால் அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. மெதுவாகப் போகிறோம், மெதுவாகப் போகிறோம் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

ஒவ்வோர் ஊரிலும் பெஞ்சமினின் ஆட்கள் அட்டையில் நேரம் எழுதிக் கொடுத்தார்கள். அவர் பார்க்காமல் மடித்துப் பையில் செருகினார். பார்க்கக் கூடாது என்று மயிலாத்தாள் சொல்லவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

பழனியில் முத்திரை குத்தியவர் ‘ம்’ என்றார். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று கரூர் வரை யோசித்தார். கரூரில் இருந்த பெண் அவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மேகம் மூடிக்கொண்டது. சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. காங்கேயம் தாண்டினார். பல்லடம் தாண்டினார். டயர் சத்தமே போடவில்லை. டீக்கடையில் மணி கேட்கலாம். கேட்டால் பத்தரை என்று சொல்லிவிட்டால்? வாயை மூடிக்கொண்டு மிதித்தார். முட்டி ஒவ்வொரு மிதிக்கும் கத்தியது.

பல்லடத்துக்கு அப்பால் அவரால் முடியவில்லை. இறங்கினார். பம்ப்பை எடுத்தார். ஒரு சக்கரத்துக்கு நூறு அடி, இன்னொரு சக்கரத்துக்கு நூறு அடி. டயர் கல்லாயிற்று.

ஏறி மிதித்தார். சாலை கையில் அதிர்ந்தது. ஹேண்டில்பார் பாடியது. அப்பாடா! இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த உயிர் உடம்புக்குள் திரும்பி வந்தது. இதுதான். இப்போதுதான் பறக்கிறேன்.

‘பறக்கிறேன்’ என்ற வார்த்தை மனசில் வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது.

சைக்கிள் தானாக ஓடி நின்றது. அவர் சாலையோரத்தில் நின்றபடி கைகளைப் பார்த்தார். இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு அழுகை வந்தது. இந்த நடுக்கத்துக்காகவா மூன்று தடவை கோட்டைவிட்டேன்?

குனிந்து வால்வை அழுத்தினார். காற்று உஸ்ஸென்று போனது. கட்டை விரலால் அமுக்கினார். இன்னும் கொஞ்சம் விட்டார். மறுபடி அமுக்கினார்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மெதுவாகத்தான் போகிறோம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். சாலையோரத்துத் தென்னைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு சீக்கிரம் போகின்றன என்று அவர் எண்ணவில்லை.

*

சூலூர்க் குளக்கரை வந்தது.

வந்து சேருகிறவர்களுக்காக அங்கே வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். துணிப் பதாகை கட்டியிருக்கும். முடித்தவர்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

இன்று மரத்தடியில் யாரும் இல்லை. மேசையும் இல்லை, துணியும் இல்லை. ஒரு நாய் படுத்திருந்தது.

எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள்.

சென்னியப்பன் சைக்கிளை மரத்தில் சாய்த்தார். தரையில் உட்கார்ந்து, முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஐம்பத்து மூன்று வயது மனிதர் விசும்பி விசும்பி அழுதார். நாய் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுத்தது.

அழுது முடிந்ததும் ஆச்சரியமாக இருந்தது. நெஞ்சுக்குள் ஒன்றும் அரிக்கவில்லை. குளத்தில் நீர்க்கோழிகள் இருந்தன. எத்தனையோ தடவை இந்த வழியாகப் போயிருக்கிறார். இங்கே நீர்க்கோழி இருப்பது இன்றைக்குத்தான் தெரியும். எழுந்து போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பெஞ்சமின். பின் இருக்கையில் மடக்கு மேசை ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார். வாயில் இட்லியை மென்றுகொண்டிருந்தவர், மரத்தடியைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

“அண்ணா?”

“முடிஞ்சுபோச்சா பெஞ்சமின்?”

பெஞ்சமின் தன் வாட்ச்சைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி வாட்ச்சைப் பார்த்தார்.

பிறகு கயிற்றை அவிழ்த்து மேசையை இறக்கினார்.

“கொஞ்சம் அக்கட்டால நகருங்ணா. இனிமேத்தான் மேசை போடணும்.”